துக்க வீட்டுக்குப் போன அப்பம்

பெரிய வியாழனன்று அவிக்கும் பெசஹா அப்பத்துக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது என் அளவு. எங்கள் ஊரான பாலாவில் இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய. அவர்கள் சண்டை போட்டுக்கொள்ள ஓர் இடம் இருக்கட்டும் என்றுதான் என் சமையல் இணையதளத்தை மாற்றி அமைத்தேன், சார். நடந்ததை வரிசையாக எழுதச் சொன்னீர்கள். வரிசையாகவே எழுதுகிறேன்.

ஆறு வருஷம் அது வெறும் குறிப்பு நோட்டுப் போலக் கிடந்தது. வருவார்கள், மீன்கறிக்கு எத்தனை குடம்புளி என்று பார்ப்பார்கள், போய்விடுவார்கள். என் மனைவி அன்னம்மா கேலி செய்வாள். “இது வெப்சைட்டா, பஸ் ஸ்டாண்டா? ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதில்லையே.”

அவள் சொன்னது சரிதான். உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு பக்கம், நண்பர் சேர்க்கை, அரட்டை அறை, அக்கம்பக்கத்தாருக்கு ‘அயல்கூட்டம்’, ‘நன்றி’ என்று ஒரு பொத்தான், எல்லாம் சேர்த்தேன். ஒரே வருஷத்தில் ஒன்பதாயிரம் பேர் வந்தார்கள்.

அதில் நான் பெருமைப்பட்ட வசதி ‘துக்க வீடு’. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் பெரிய வியாழனன்று அப்பம் அவிக்க மாட்டோம். அயல்வீட்டார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வேற்றூர் போனவர்களுக்கு யார் கொடுப்பது? தளத்தில் பதிந்தால் போதும், பக்கத்து உறுப்பினர் ஒருவர் கொண்டுபோவார். ஏமாற்று நடக்காதிருக்க அடையாள அட்டையும் முகவரியும் வாங்கிக்கொண்டேன்.

தூரத்து மலையூரான புல்பள்ளியிலிருந்து கொச்சுராணி என்ற பெயரில் ஒரு பெண் பதிந்தார். அட்டையில் ரோஸிலி என்று இருந்தது. விளக்கம் கேட்டேன். போனில் வந்தார். பக்கத்தில் யாரோ ஒட்டுக்கேட்பதுபோல அடங்கிய குரல்.

“சேட்டா, எங்கம்மா போயிட்டாங்க. இனி நானும் மகளும்தான். அவ அப்பம் வேணும்னு ஒரே அடம். என் வீட்டுக்காரருக்கு மட்டும் இடம் தெரியக் கூடாது. அவர் அடிச்சதுல ஒரு காது ஏற்கெனவே போச்சு. அடுத்த தடவ உயிர் மிஞ்சாது. ஆம்பளை யாரையும் அனுப்பிடாதீங்க.”

“பயப்படாதீங்க. ஒரு அம்மாவத்தான் அனுப்புவேன்” என்றேன். எழுத்திலும் கொடுத்தேன். நகல் கோப்பில் இருக்கிறது.

மூன்றாம் நாள் தொம்மிச்சன் என்பவர் அரட்டை அறையில் ரோஸிலியின் அட்டையில் இருந்த அதே முகத்தின் படத்தைப் போட்டு, மனைவியைக் காணவில்லை என்று எழுதினார். விதிப்படி படத்தை நீக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஈஸ்டருக்கு முகப்பில் ‘மறுபடி சேர்ந்த குடும்பங்கள்’ என்றொரு பகுதி வரும் என்று அறிவித்திருந்தேன். ஒரு குடும்பமும் கிடைத்தபாடில்லை. நானே அவரை அழைத்தேன்.

முதலில் அழுதார். பிறகு, “அச்சாயா, இடத்த மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்றார். மிச்சம் எது என்று நான் கேட்கவில்லை. சொன்னேன்.

“ஆனா என் குரல் கேட்டா அவ தாழ்ப்பாள எடுக்க மாட்டா.”

“அப்ப பேசாதீங்க. கையில அப்பத்தோட போங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “அச்சாயன் பலே ஆளுதான்.”

பேக்கரியில் வாங்கினால் மேலே குருத்தோலைச் சிலுவை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னேன். இப்படிப்பட்ட விஷயங்களில் எனக்கு அரைகுறை பிடிக்காது.

புதன்கிழமை ரோஸிலி மறுபடி அழைத்தார். மூச்சு வாங்கியது. “சேட்டா, வாசல்ல ஒரு கார் ரெண்டு தடவ போச்சு. எங்க ஊரு பாலா நம்பர். யார்கிட்டயும் சொல்லலையே?”

“இல்ல.”

“அப்பமே வேண்டாம்னு சொல்லிரட்டா?”

“குழந்த ஏமாந்து போகுமே” என்றேன். மகளை அழைத்து ஏதோ கேட்டார். பிறகு, “சரி” என்றார்.

வியாழன் மாலை ஆறு நாற்பதுக்குத் தளத்திலிருந்து அவருக்குச் செய்தி போனது: ‘உங்கள் வீட்டுக்கு அப்பம் வருகிறது. கொண்டுவருபவர் மரியக்குட்டி, வயது அறுபத்தொன்று.’ அப்படி ஓர் உறுப்பினர் எங்களிடம் இல்லை. அந்தப் பக்கத்தை அன்று மதியம் நான்தான் உண்டாக்கினேன். முகத்துக்குக் காலஞ்சென்ற என் அத்தையின் படத்தை வைத்தேன். சாந்தமான முகம்.

கத்தி தட்டுக்கு அடியில் இருந்தது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து பிழைத்தது நல்லதாயிற்று.

ரோஸிலியின் இருப்பிடத்தைக் கொடுத்தது நான். மரியக்குட்டியும் நான்தான். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தளத்தின் பதிவையும் ஒருமுறை பாருங்கள், சார். ஆறு நாற்பத்து நான்குக்கு, கதவைத் திறக்கப் போகுமுன், ரோஸிலி ‘நன்றி’ பொத்தானை அழுத்தியிருக்கிறார். அதன்பிறகு அவரிடமிருந்து எங்களுக்குப் புகார் எதுவும் வரவில்லை.