கோணல் ரெக்கார்டர்

…ஐயய்யோ, அத மட்டும் தொடாதீங்கண்ணே! மூட்டையில போட்டுடாதீங்க! அது வெறும் கீபோர்டு இல்ல. முழுக் கம்ப்யூட்டரும் அதுக்குள்ளதான் இருக்கு. நம்பமாட்டீங்களே? யாருதான் நம்பறாங்க! என் மச்சினன் இன்ஜினியரு. அவனே, "இதோட மிச்சம் எங்க மாமா?"ன்னு கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடறான். மிச்சம்னு ஒண்ணு கிடையாதுடா! டிவில மாட்டணும். கேசட்ட டேப் ரெக்கார்டர்ல போடணும். அது கீ…ன்னு கத்தும். அந்தக் கத்தல்தான் உள்ள போயி விளையாட்டா மாறும். அந்தக் காலத்துல வீட்டுக் கம்ப்யூட்டர்னா அவ்வளவுதான்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஒயர் பத்த வெச்சப்ப ஈயம் சொட்டியிருக்கு. இதுல… ஆங், அந்த ஒயர் மேல பரவாயில்ல. தராசக் கீழ வைங்களேன். பழைய சாமான் எடுக்க வந்தவர நிறுத்தி வெச்சுக் கதையடிக்கிறானேன்னு பாக்காதீங்க. உங்கள வரச் சொன்னது நானில்ல, என் வீட்டுக்காரி. சமையக்கட்டுல பாத்திரம் விழற சத்தம் கேக்குதில்ல? அவதான். பாத்திரம் தானா விழல. எனக்காக விழுது.

"பழைய சாமான்காரர் படியிறங்கறதுக்குள்ள அது ஓடினா இருக்கட்டும். ஓடலன்னா எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துடணும்"னுட்டா. அதனாலதான் சொல்றேன், நீங்க உக்காந்திருக்கிற வரைக்கும்தான் அதுக்கு உசிரு. அவசரமா? ஒரு அவசரமும் இல்ல, காத்தாடி போட்டிருக்கேன் பாருங்க.

அவ பக்கமும் நியாயம் இருக்குண்ணே. இல்லன்னு சொல்லல. சாப்பாட்டு மேஜைய நான் எடுத்துக்கிட்டேன். வீட்டுல எல்லாரும் மடியில தட்டு வெச்சுத்தான் சாப்பிடறோம். போன தடவ மாப்பிள்ளை வந்தாரு. நீங்க இப்ப தவிர்த்தீங்களே, அதே ஸ்டூல்! எந்திரிச்சா ஸ்டூலும் கூடவே எந்திரிக்குது. பேன்ட்டுல ஈயம். நல்ல மனுஷன், கோவப்படல. ஆனா அதுக்கப்புறம் வந்தா வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடறாரு.

சரி, இது எதுக்குன்னு கேக்கமாட்டீங்களா? கேளுங்களேன்! …சரி நானே சொல்றேன். இந்தக் கேசட்டப் பாருங்க. அவ கையெழுத்து. கல்யாணமான புதுசுல, நான் வேலைக்குப் போன நேரத்துல, அவளே உக்காந்து ஒரு ஆட்டம் எழுதினாண்ணே, கம்ப்யூட்டருக்கு! புருஷன் ஒரு புள்ளி. கடைக்குப் போயிட்டு வீட்டுக்கு வரணும், அவ்வளவுதான். வழியெல்லாம் கதவு. கதவத் திறந்துட்டு ஒவ்வொருத்தனா வந்து நிப்பான். புள்ளி அவங்கிட்ட நின்னு பேசிட்டா முடிஞ்சுது. 'ஆட்டம் போச்சு'ன்னு பெரிசா எழுத்து வரும். நான் ஒரு தடவகூட வீடு போய்ச் சேரலண்ணே! ஒவ்வொரு தடவ நான் தோத்தப்பவும் அவ சிரிச்சா பாருங்க… மேஜையத் தட்டி, கண்ணுல தண்ணி வந்து, மூச்சுக்கு ஏங்கி…

இப்பல்லாம் அப்படிச் சிரிக்கிறதில்ல. கேட்டா "சிரிக்க என்ன இருக்கு?"ங்கறா. நானும் யோசிச்சுப் பாத்தேன். அப்பதான் பரண்லேந்து இத இறக்கினேன். அவகிட்ட காரணம் சொல்லலண்ணே, நீங்களும் சொல்லிடாதீங்க. ஓடட்டும், டிவி முன்னால கூட்டிட்டு வந்து நிறுத்தணும், அவ்வளவுதான்.

ஆனா ஓடமாட்டேங்குதே! மொதல்ல எந்த பட்டனும் அமுங்கல. எல்லாத்தையும் கழட்டிப் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சேன். யாரு பிரஷ்ஷுன்னு கேக்காதீங்க, அதுல ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்ல. அப்புறம் கண்டென்சர் எல்லாம் உப்பியிருந்துது, மாத்தினேன். படம் வந்துது! கடையில வாங்கின கேசட்டப் போட்டா அழகா ஓடுது. இவ கேசட்டப் போட்டா மட்டும், பாதி தூரம் கத்திட்டு, "படிக்க முடியல"ங்குது. இவ எழுதினது பெரிய ஆட்டமாச்சே, மெமரி பத்தல போலன்னு சிப்பு எல்லாத்தையும் பிடுங்கி வேற போட்டேன். படிக்க முடியல. ஃபியூஸ் போச்சு, கீழ்வீட்டுக்கும் சேத்துப் போச்சு. அந்த சார் டார்ச்சோட மேல வந்தாரு. அவருக்கும் உக்கார வெச்சு எல்லாம் விளக்கினேன். அப்புறம் ஏனோ அவர் நம்ம மாடிப் பக்கமே வரல.

என்ன, தராசத் தூக்கறீங்க? இருங்கண்ணே! வந்ததுக்கு வெறுங்கையோட போகவேணாம். இந்தாங்க, இந்தப் பழைய டேப் ரெக்கார்டர எடுத்துக்கங்க. காசே வேணாம். இது அப்போலேந்து இருக்கிறது, ஆனா ஹெட்டு கோணல். நாடாவ உரசிப் படிக்குமே, அந்தத் துண்டு. பாட்டுப் போட்டா வாயில பஞ்ச வெச்சுட்டுப் பாடற மாதிரி இருக்கும். அதான் பின்னால இத ஓரமாப் போட்டுட்டு நேரா இருக்கிறதா புதுசு வாங்கிட்டேன். மூட்டையில போட்டுக்கங்க. ஆங், கனமாத்தான் இருக்கும். அந்தக் கால இரும்பு.

ஒரே நிமிஷம், திரும்பிக்கிட்டே பேசறேன், தப்பா நினைக்காதீங்க. இந்த ஒரு ஒயர மட்டும் மாத்திப் பத்த வெச்சுட்டேன்னா… புகை வருதா? வரும், வரும்… இதான் கடைசின்னு நினைக்கிறேன். ஆனா போன தடவயும் அப்படித்தான் நினைச்சேன். சில சமயம் எனக்கே சந்தேகம் வருதுண்ணே. மிஷினுல கோளாறா, எனக்கா?

…என்னம்மா? ஒண்ணுமில்ல, பழைய டேப் ரெக்கார்டரத்தான் குடுத்தேன். உனக்கு எடம் கிடைக்கட்டுமேன்னுதான்… என்னது? சத்தமா சொல்லு, காத்தாடி ஓடுது!

…அதுல மட்டும்தான் ஓடுமா?

என் தம்பியோட ரெக்கார்டர்ல போட்டப்ப அன்னிக்கும் ஓடலயா? ஏம்மா, இத இத்தன நாளா ஏன்… "நீங்க எங்க பேச விட்டீங்க"வா?

ஐயோ. ஐயோ, ஐயோ! கோணல் ஹெட்டுல நீ பதிஞ்சது கோணலாத்தானே பதிஞ்சிருக்கும்! கோணலக் கோணல்தானே படிக்கும்! நேரானதக் குடுத்தா அதுக்கு என்ன தெரியும்! எவ்வளவு கோணல்னு அந்த ஒண்ணுக்குத்தானே தெரியும்! நல்லா இருந்த சிப்பையெல்லாம் பிடுங்கிப் போட்டேனே… அண்ணே! அந்த மூட்டையக் கொஞ்சம் பிரிங்க. அண்ணே…

அண்ணே?

எப்பப் போனாரு? கதவு திறந்திருக்கு! ஏம்மா, ஆளு எப்பப் போனாரு? புகை வந்தப்பவேவா? செருப்பு எங்க? செருப்பு வேணாம். பழைய சாமான் அண்ணே! நில்லுங்கண்ணே! இதோ படியிறங்கிட்டேன், நில்லுங்க!

சார்! கீழ்வீட்டு சார்! கதவ மூடாதீங்க சார், ஃபியூஸ் விஷயம் இல்ல. மூட்டையோட ஒருத்தர் போனாரா? இப்பதானா? வலது பக்கமா? அவரு வண்டி மணிச் சத்தம் கேக்குது, தெருமுனையிலதான் இருக்காரு… மூட்டையில என்னன்னா கேக்கறீங்க? டேப் ரெக்கார்டர் சார். பழசுதான். பழசுக்கா இந்த ஓட்டம்னு கேக்கறீங்களா? அங்கதான் சார் விஷயமே! சுருக்கமா சொல்லிடறேன். அன்னிக்கு டார்ச்சோட வந்தப்ப சொன்னேனே, அது தப்பு. ஹெட்டுன்னு ஒண்ணு இருக்கு சார். அது கோணலா இருந்தா என்ன ஆகும்னா…

யாரு, மேல ஜன்னல்லயா? அவதான் சார். என்னம்மா? கேக்கலம்மா!

…"ஆட்டம் போச்சு"ங்கறா.

சிரிக்கிறா சார். ஜன்னல் கம்பியத் தட்டித் தட்டிச் சிரிக்கிறா, பாருங்க. மூச்சு வாங்குது… இந்தச் சிரிப்புதான் சார், இதேதான்!

மணிச் சத்தமா? அது போயிடுச்சு சார். விடுங்க. அவ எதுக்குச் சிரிக்கிறான்னு உங்களுக்குத் தெரியாதில்ல? உள்ள வரலாமா? உக்காந்து சொல்றேன்…