ஒற்றை மணி

எனக்கு இஸ்திரி போடுவது பிடிக்கும். காலரில் தொடங்கி, தோள், கை, முதுகு என்று தேய்த்து மடித்து வைக்கும்போது மனதில் இருக்கிற சுருக்கமும் கொஞ்சம் போய்விடும். அதற்கென்று ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று இல்லத்தின் முதலாளி பலமுறை சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். என் பிள்ளைகள் போடுகிற சட்டையை நானே தேய்த்தால்தான் எனக்குத் திருப்தி.

பிள்ளைகள் என்றதும் உங்கள் புருவம் ஏறுகிறது. எழுபத்தைந்துக்குக் குறைந்தவர் அங்கே யாரும் இல்லை, ஐயா. நான் பாதி ஆயுளை மழலையர் பள்ளியில் கழித்தவள். ஓய்வு பெற்ற பிறகு, வயதான ஆண்கள் தங்கும் அந்த இல்லத்துக்குப் பொறுப்பாளராக வந்தேன். வந்த வாரமே எல்லாரும் என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மூக்கு ஒழுகினால் துடைத்துவிட வேண்டும், பித்தானைப் போட்டுவிட வேண்டும், சாப்பாட்டில் அடம். பள்ளிக்கூடத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருடா வருடம் மேல் வகுப்புக்குப் போய்விடுவார்கள். இவர்கள் என்னிடமே இருப்பார்கள்.

முதலில் நீங்கள் கேட்ட உரிமத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அரசு கொடுத்திருந்தது சாதாரண உரிமம். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய முதியவர்களை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். நினைவு தவறியவர்களையும், எங்கே போகிறோம் என்று தெரியாமல் எழுந்து நடப்பவர்களையும் வேறு உரிமம் வாங்கிய பெரிய இல்லத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே ஆட்கள் அதிகம், கதவுகள் அகலம், தீப்பிடித்தால் கூரையிலிருந்தே தண்ணீர் கொட்டும். சட்டம் போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தெளிவாக வந்து சேர்கிற மனிதர், இருக்க இருக்க மங்கிப்போகிறார். சட்டத்துக்கு அது ஒரே நாளில் தெரிகிறது. கூட இருப்பவளுக்கு அது தெரிவதே இல்லை.

எங்களிடம் ஒரு தையல்காரர் இருந்தார். அருமையான மனிதர். எனக்குப் பித்தான் தைக்கத் தெரியவில்லை என்று கேலி செய்துகொண்டே இருப்பார். ஒரு தடவை உரிமம் கொடுத்த துறையின் ஆய்வாளர் வந்து, "உங்க ரூம் எதுங்க, காட்டுங்க" என்று கேட்டார். தையல்காரர் சமையலறையைக் காட்டினார். அவ்வளவுதான், அந்த வாரமே வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. பெரிய இல்லத்துக்கு நான் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முன்னால் மெஷின் இருப்பதுபோல இரண்டு கையாலும் துணியைத் தள்ளிக்கொண்டே இருந்தார். என்னை யாரென்று தெரியவில்லை. கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு நான் அழுத அழுகை என் சொந்த அப்பாவுக்கும் அழுததில்லை. இனி என் பிள்ளைகளில் ஒருவரையும் எங்கேயும் அனுப்புவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஆய்வாளர் நல்லவர். வருகிற தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவர் பார்க்க விரும்பியதும் அதிகம் இல்லை. எல்லாரும் சுத்தமாக இருக்க வேண்டும், அமைதியாக இருக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த பாடம்தானே.

பள்ளியிலிருந்து விடைபெறும்போது என் கைமணியை எனக்கே கொடுத்திருந்தார்கள். மரப்பிடி போட்ட பித்தளை மணி. அதை எடுத்தேன். ஒரு தட்டு தட்டினால் எல்லாரும் கூடத்துக்கு வந்து அவரவர் நாற்காலியில் உட்கார வேண்டும். கை மடியில், முகத்தில் சிரிப்பு. "சாப்ட்டீங்களா" என்றால் "சாப்ட்டோம்". "நல்லா பாத்துக்கிறாங்களா" என்றால் "டீச்சர் நல்லா பாத்துக்கிறாங்க". ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். எண்பதில் வளையும். ஞாபகம் போன இடத்தில் பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாற்காலியை விட்டுத் தானாக எழுந்தவருக்கு அன்றைய சாப்பாடு கடைசியில்தான். இரண்டாம் முறை எழுந்தால் சாப்பாடே மறுநாள்தான். யாரையும் நான் கைநீட்டி அடித்ததில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பசி என்னைவிட நல்ல வாத்தியார்.

அடுத்த முறை வந்த ஆய்வாளர் அசந்துபோய்விட்டார். "டீச்சர், எங்க வீட்டுப் பசங்களையும் உங்ககிட்ட விட்டுடலாம் போலிருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தோம். பிள்ளைகளும் சிரித்தார்கள், அது பாடத்தில் இருந்தது.

டிரைவர் மட்டும்தான் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.

வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஐந்து நிமிடம் கண்ணை எடுத்தால் வாசல் கேட்டில் நிற்பார். "டீச்சர், வண்டி நிக்குது, சனம் காத்துக்கிட்டு இருக்கு" என்பார். பட்டினி போட்டாலும் அவருக்குப் புரியவில்லை. "டூட்டில இருந்தா சாப்பாடு முன்ன பின்ன ஆகத்தான் செய்யும்" என்று எனக்கே ஆறுதல் சொல்வார். அவருடைய செருப்பை ஒளித்துவைத்தேன். வெறுங்காலோடு போனார். ஆய்வு நாட்களில் மட்டும் பாலில் தூக்க மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிடுவேன். நாற்காலியிலேயே தலை தொங்கித் தூங்குவார். "ராத்திரி தூக்கம் சரியில்ல சார்" என்று ஆய்வாளரிடம் சொல்வேன். மற்ற நாட்களுக்கென்று கூடத்துக் கதவில் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தபோது, சமையல்கார அக்கா கரண்டியில் ஒட்டியிருந்த சோற்றை உதற, பாத்திர விளிம்பில் இரண்டு தட்டு தட்டினார். டக், டக். தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் விறைத்து எழுந்தார். "போலாம், ரைட்" என்று கூவிக்கொண்டு நேராக வாசலுக்கு நடந்தார். பஸ்ஸில் ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் எடுக்க வேண்டும். அது அவர் எலும்புக்குள் இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. நாற்காலியில் இருந்த மற்றவர்களும் எழுந்தார்கள். முன்னால் போகிறவர் சட்டையைப் பின்னால் வருகிறவர் பிடித்துக்கொண்டு, ஏழு பேரும் ரயில் விளையாட்டு மாதிரி கேட் வரைக்கும் போய்விட்டார்கள். ஒருவருக்கும் கால் தடுக்கவில்லை. ஒருவர் முகத்திலும் பயம் இல்லை.

சமையல்கார அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், இதையே பழக்கிடலாமே. தீ கீ புடிச்சா ரெண்டு தட்டு தட்டுனா போதும், டிரைவரய்யா எல்லாரையும் வெளிய கொண்டாந்துடுவாரு" என்றார்.

நான் அதை யோசிக்காமல் இல்லை. ஆய்வாளரும் அதையே கேட்டிருந்தார். "மணி அடிச்சா உக்காருறாங்க, சரி. ஆபத்துன்னா எந்திரிச்சு வெளிய வருவாங்களா? அதுதான் ரூல்ல முக்கியம், டீச்சர்" என்றார். "வருவாங்க சார்" என்றேன். என் டீயைக் குடித்துவிட்டு நம்பிவிட்டார்.

ஆனாலும் நான் பழக்கவில்லை. வெளியே போகத் தெரிந்துவிட்டால் தினமும் போவார்கள். தெருவில் எதிரே மெக்கானிக் கடை, இரும்பில் சுத்தியல் ஓயாது. இரண்டு தட்டு கேட்ட போதெல்லாம் கிளம்பினால் நான் எங்கே போய்த் தேடுவது? அதுதான் காரணம். சமையல்கார அக்கா உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார். அன்று என் முகம் போன போக்கு சரியில்லை என்றாராம். ஆறு மாதம் நான் மணி அடித்து உட்காரவைத்தவர்கள், அந்த ஆள் ஒரு வார்த்தை கூவியதும் எழுந்து போனது எனக்குப் பொறுக்கவில்லையாம். சமைக்கிறவர்களுக்கு எதிலும் கொஞ்சம் காரம் தூக்கலாகத்தான் இருக்கும். அன்றைக்கு ஏழு பேருக்கும் சாப்பாடு இல்லை என்பது உண்மை. அது ஒழுங்குக்காக.

போன முறை வந்தபோது ஆய்வாளர் கூடத்துக் கதவைப் பார்த்தார். "இது என்ன, தாழ்ப்பாள் வெளியில இருக்கு? உள்ளேருந்து திறக்கிற மாதிரிதான் இருக்கணும். மாத்திடுங்க டீச்சர்" என்றார். மாற்றிவிடுகிறேன் என்றேன். பிறகு துறையில் புது உத்தரவு வந்தது, இனி முன்னறிவிப்பு இல்லாமல்தான் ஆய்வு என்று. அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாம் இருவரும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

அன்று காலை பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தேய்த்த சட்டை போட்டுவிட்டிருந்தேன். சமையல்கார அக்கா கடைக்குப் போயிருந்தார். இன்னோர் ஆளும் இருக்க வேண்டும் என்பது விதி, அந்த ஆள் வேலையிலிருந்து நின்று இரண்டு மாதம் ஆகிறது. கூடத்தை ஒட்டிய துணி அறையில் நான் மறுநாளைய சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஹாரன் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தால் துறையின் ஜீப்.

டிரைவருக்குப் பால் கொடுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கையிலிருந்த சட்டைமேலேயே வைத்துவிட்டு மணியை எடுத்தேன். கூடத்துக்குள் போய் ஒரு தட்டு. எல்லாரும் உட்கார்ந்தார்கள். டிரைவரின் தோளை அழுத்தி உட்காரவைத்தேன். அவர் காது ஹாரன் பக்கம் இருந்தது. இவரை வைத்துக்கொண்டு ஆய்வாளரை உள்ளே விட முடியாது என்று தெரிந்துவிட்டது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடினேன்.

"உள்ள எல்லாருக்கும் கண்வலி சார், ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கிச்சு" என்றேன்.

அவர் சட்டென்று இரண்டடி பின்னால் போனார். "ஐயையோ, எனக்கு அடுத்த வாரம் பொண்ணு கல்யாணம் டீச்சர்" என்றார். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொன்னவர், அப்படியே கிளம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் மூக்கைச் சுளித்தார். "ஏதோ கருகுற வாசன வருதே."

நான் திரும்பிப் பார்த்தேன். துணி அறை ஜன்னலில் புகை இருந்தது. அதை நான் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. "அடுப்புல பால் பொங்கிருச்சு சார்" என்றேன். ஒரு வாளித் தண்ணீர் போதும் என்று என் கணக்கு. அவர் போனதும் ஊற்றிவிடலாம். இப்போது கதவைத் திறந்தால் ஏழு பேரும் இருமிக்கொண்டு, வெறுங்காலோடு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அவர் முன்னால் வந்து நிற்பார்கள். பொழுது சாய்வதற்குள் ஆளுக்கொரு வண்டி வந்துவிடும். தையல்காரரின் கைகள் என் கண்முன்னால் இருந்தன.

அப்போதுதான் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டக், டக். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும், டக், டக்.

"யாரோ தட்டுறாங்களே?" என்றார் ஆய்வாளர்.

"தச்சர் வந்திருக்காரு சார். நீங்க சொன்னீங்களே, அந்தத் தாழ்ப்பாள மாத்துறதுக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சொன்னதும் செய்யுற ஒரே ஆள் நீங்கதான் டீச்சர்" என்றார். ஜீப்பில் ஏறி, கண்ணாடியை இறக்கி, கல்யாணத்துக்கு அவசியம் வர வேண்டும் என்றார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று கையசைத்தேன். திரும்பி நடக்கும்போது தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. உட்கார்ந்துவிட்டார்கள், நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். வாளியை நிரப்பிக்கொண்டு வந்தபோது நடை முழுக்கப் புகை, கதவுப் பக்கம் போக முடியவில்லை. மெக்கானிக் கடைப் பையன்கள்தான் கூடத்து ஜன்னல் கம்பியை அறுத்தார்கள்.

சற்று முன்பு நீங்கள் ஒரு புகைப்படத்தை என் முன்னால் வைத்தீர்கள். கதவோரமாக, ஒருவர் பின்னால் ஒருவராக விழுந்து கிடந்தார்கள் என்றீர்கள். டிரைவர் முதலில், அவருடைய கை கதவில். பின்னால் இருந்த ஒவ்வொருவர் கையிலும் முன்னால் இருந்தவரின் சட்டை என்றீர்கள். நான் அதை உற்றுப் பார்த்தேன். முதுகுப் பக்கம் எல்லாச் சட்டையும் கசங்கிச் சுருண்டிருக்கிறது. நான் தேய்த்துப் போட்டுவிட்ட சட்டை அப்படிக் கசங்காது, ஐயா.

தாழ்ப்பாளைப் போட்டது நான். புகையைப் பார்த்தது நான். அந்த இரண்டு தட்டு என்னவென்று இந்த உலகத்தில் தெரிந்தவர்களில் நானும் ஒருத்தி. தெரிந்துதான் தச்சர் என்றேன். இவ்வளவையும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவர்கள் எழுந்து நின்றார்கள் என்பதை மட்டும் எழுதாதீர்கள். நான் ஒரு தட்டுதான் அடித்தேன். என் பிள்ளைகள் உட்கார்ந்துதான் இருந்திருப்பார்கள்.