சத்தம் வராத வேட்டு

பேச வேண்டிய நேரத்தில் நான் பேசாமல் இருந்தேன். அது என் தவறு.

யுத்தம் முடிந்த புதிது. திருவொற்றியூரில் ஏறிய ரயிலில் எதிரே இருவர். ஒருவன் பட்டாளத்திலிருந்து திரும்பியவன். மற்றவன் அன்று மாலை ராயபுரத்து நாடகத்தில் சுடப்பட்டுச் சாகிற வேஷக்காரன்.

பட்டாளத்தான் சொன்னான்: "நாடகத் தோட்டாவுல குண்டே இல்ல மாமு. வெடிமருந்தும் அத்த அடைச்ச அட்டையும்தான் கீது. வெத்து வேட்டு."

"மிஷின் கன்னுலயும் அப்படித்தானா?"

"அதுல குண்டு இல்லாங்காட்டி அழுத்தம் நிக்காது, அடுத்த தோட்டா ஏறாது. குழல் வாயில அடைப்பு மாட்டணும். உன்னிய சுடறது ரிவால்வர்தானே? விரலால விசைய இழுத்தாலே தோட்டா உருளை சுத்திக்கும்."

"அப்போ மூஞ்சியாண்ட வெச்சே சுடச் சொல்றேன். ஜனம் மிரளட்டும்."

"சொல்லேன். இன்னா ஆயிடப் போவுது?"

கிட்டத்தில் சுட்டால் அந்த அட்டையும் நெருப்பும் கண்ணைக் கெடுக்கும். யுத்தகாலத்தில் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த எனக்கு அது தெரியும். அந்நியரிடம் என்ன பேச்சு என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

மறுவாரம் மனம் கேளாமல் விசாரித்துப் போனேன். வேஷக்காரன் ஒரு கண்ணில் கட்டோடு இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாஸ்பத்திரிக்கு மாதக்கணக்கில் துணைக்குப் போனேன். பார்வை திரும்பவில்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரி வரிசையில், பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டிச் சொன்னான்:

"இவுரும் வெத்து வேட்டுதான் நைனா. சத்தங்கூட வராது."