பஸ்ஸில் போய்க் கல்லூரி பார்த்த கதை

டெஸ்ஸாவுக்குப் பெரிய அநியாயம் நடந்துவிட்டது என்று நோரீன் முடிவுகட்டிவிட்டாள். பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற பெண்ணைக் கூட்டத்தோடு பஸ்ஸில் அடைத்து, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் முழுக்கக் கல்லூரி கல்லூரியாக இழுத்துக்கொண்டு போய், ஒன்றைக்கூட உருப்படியாகக் காட்டாமல் ஏமாற்றுகிறார்கள்! டெஸ்ஸா அப்படியெல்லாம் புகார் சொல்லவில்லை. புது ஷூ கடித்த குதிகாலுக்குப் பிளாஸ்திரி ஒட்ட, அன்று பார்க்க வந்த கல்லூரியின் நூலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் நோரீன் அங்கே மூன்றாம் வருஷ மாணவி, விவாதக் குழுவின் தலைவி என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"இல்ல, நான் கேக்கறேன், இதுக்குப் பேரு காலேஜ் பாக்கறதா? சுத்திக் காட்டறேன்னு ஒருத்தி உங்களப் பாத்தபடி பின்பக்கமாவே நடந்துக்கிட்டு, பல்லக் காட்டிக்கிட்டு... என்ன சொன்னா? அந்த வெண்கலச் சிலையோட கட்டைவிரலத் தடவினா பரீட்சையில பாஸாம்னு சொன்னாளா? தடவினியா? ஐயோ! அது மேல பசங்க என்னென்ன பண்றானுங்க தெரியுமா? கையக் கழுவு மொதல்ல!

அப்புறம் அந்த வாஃபிள் பலகாரம். காலேஜ் முத்திர போட்டுச் சுட்டுக் குடுத்திருப்பாங்களே? ...ம்? நல்லாதான் இருக்கும், யாரு இல்லன்னா! அந்த வாஃபிளா உனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லித்தரப் போகுது? மொத வருஷத்துக்காரங்களுக்கு லேப்ல எடமே கெடைக்காது. அதச் சொன்னாளா? மாட்டா. ரூம் காட்டினாங்களே, அதுல ஒரு மனுஷி குடியிருக்காளா? காட்டறதுக்குன்னே வச்சிருக்கற ரூம்மா அது! தலகாணில ஒரு சுருக்கம் இருக்குதா பாரு! என் ரூம் ஹீட்டர் ரயில் எஞ்சின் மாதிரி...

அடுத்தது எங்க? ...ஓ, சொந்தமா மாட்டுப்பண்ண வச்சிருக்கற காலேஜா? மாட்டு டாக்டராகணுமா நீ? அத ஒண்ணப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தியா? அடப்பாவமே! பண்ணைய வேலிக்கு வெளியில நிக்கவச்சுக் காட்டுவாங்க. ஒரு மாட்டத் தொட விடுவாங்களா? மாட்டு மூஞ்சி போட்ட சாவிக்கொத்து குடுப்பாங்க, வாங்கிக்கோ.

இரு இரு, எங்க எந்திரிக்கற? பிளாஸ்திரி சரியா ஒட்டல பாரு. பஸ்ஸுக்கு வரச்சொல்லிக் கொடிய ஆட்டறாங்களா? ஆட்டட்டுமே! நீ என்ன மந்த ஆடா? நான் சொல்றதக் கேளு. தனியா வரணும். ஒரு ராத்திரி தங்கணும். கடேசி பெஞ்சுல உக்காந்து ஒரு கிளாஸக் கேக்கணும். சாப்பாட்டு ஹால்ல தனியா உக்காந்து சாப்பிடற பிள்ளைகிட்டப் போயி, 'உனக்கு வீட்டுக்குப் போயிடலாம்போல இருக்கா'ன்னு கேக்கணும். அந்த முகத்துல தெரியும் காலேஜு! ...என்ன? சொல்லலாம் இரு, நான் முடிச்சுக்கறேன்..."

கல்லூரி வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. டெஸ்ஸா ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக ஓடினாள். பாதிப் புல்வெளி தாண்டுவதற்குள் பஸ் முனை திரும்பிவிட்டது.

"பாத்தியா!" நோரீன் கையில் மிச்ச ஷூவோடு பின்னாலேயே வந்து சேர்ந்தாள். முகத்தில் வெற்றி. "தல எண்ணக்கூட இல்ல! நான் சொன்னேனா இல்லியா? இவங்களுக்கு நீ யாரோ எவரோ. விடு, போகட்டும். இப்பத்தான் நீ நிஜமாவே ஒரு காலேஜப்..."

மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளிக்காகத்தான் டெஸ்ஸா இவ்வளவு நேரமும் காத்திருந்தாள்.

"எங்கப்பா ஞாயித்துக்கெழமையும் வேலைக்குப் போறாரு," என்றாள், ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டே. "எங்க ஊர்லருந்து அந்தப் பண்ணைக்கு என்னக் கூட்டிட்டுப் போக இருந்தது அந்த ஒரு வண்டிதான். சரி, உங்க கார் எங்க நிக்குது?"