செல்களுக்கும் நல்ல தண்ணீர் கேட்ட ஹில்லெவி ஓகெர்லுண்ட் அவர்களுக்கு

அழியாத பொருளை அயராது ஆராய்ந்தவரே! கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணாடித் தட்டில் காட்டியவரே! ஹெல்கவிக் நகர ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து இன்று விடைபெறும் எங்கள் ஹில்லெவி அவர்களே, வணக்கம்!

தீயணைப்புப் பயிற்சித் திடலில் பல்லாண்டு பீய்ச்சிய நுரை, மண்ணுக்குள் இறங்கி, ஊர்க் குழாய்களுக்கு நீர் தரும் கிணற்றில் கலந்தது. அதிலுள்ள வேதிப்பொருள் வெயிலில் சிதையாது, மண்ணில் மட்காது. உடலுக்குள் போனாலோ கொழுப்பு அமிலம்போல் வேடமிட்டு, இன்னும் எதுவாகவும் ஆகாத இளஞ்செல்லைத் தட்டி எழுப்பி, கொழுப்புச் செல்லாக வளரச் சொல்கிறது என்றீர்கள். நாங்கள் மலைத்துப்போனோம்; நகர மன்றம் நம்பவில்லை. கிணற்றை மூடுவதா வேண்டாமா என்பது நம் சோதனையின் கையில் இருந்தது.

சோதனை கைவிட்டது. கிணற்று நீர் ஊற்றிய தட்டிலும், சுத்த நீர் என்று நம்பி ஊற்றிய தட்டிலும் செல்கள் ஒன்றுபோலக் கொழுத்து, சாயத்தில் செம்முத்துகளாய் மின்னின. வித்தியாசம் இல்லை என்று எழுதிவிடவே முடிவுசெய்தோம்.

அன்று காப்பி வேளையில் நம் சகா யெர்கர், பக்கத்து ஊரிலிருந்து வழக்கம்போல் கொண்டுவந்த தண்ணீர்க் கேனைச் சாய்த்தார்.

"ஐயாவுக்கு ஊர்க் குழாய்த் தண்ணி ஆகாதோ?" என்றீர்கள்.

"இருக்கற தொப்பையே போதும், ஹில்லெவி!"

எல்லோரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

"நாம குடிக்கறது கேன் தண்ணி. செல்லுக்கு எந்தத் தண்ணிப்பா குடுத்தோம்?"

எழுந்துபோய்ப் பார்த்தோம். நம் சுத்திகரிப்புக் கருவி ஊர்க் குழாயோடுதான் இணைந்திருந்தது; அதில் வேதிப்பொருளை உறிஞ்ச வேண்டிய கரி எப்போதோ செயலிழந்திருந்தது.

சோதனையைத் திரும்பச் செய்ய அவகாசம் கேட்டு மன்றத்தின் முன் நின்றவரும் நீங்களே.

"உங்க தண்ணிய நீங்களே நம்பலையா?" என்று ஓர் உறுப்பினர் கேலி பேசினார்.

"நம்பினோம். அதுதாங்க தப்பு," என்றீர்கள்.

வெளியூர் நீரில் வளர்ந்த செல்கள் மெல்லிய கதிர்களாய் அப்படியே கிடந்தன; கிணற்று நீர் குடித்தவை குலைகுலையாய்க் கொழுத்தன. ஒருவர்பின் ஒருவராக நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தோம். கிணறு மூடப்பட்டது.

இவ்வூராரின் இரத்தத்தில் ஏறியது இறங்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அது இறங்கித் தீரும் நாளைக் கண்டு, அதற்கு அப்பாலும் நீங்கள் நலமோடு நெடிது வாழ வேண்டும்!

இன்று உங்கள் கோப்பையில் இருப்பது புதுக் கிணற்று நீரில் போட்ட காப்பி. கேனைத் தேடாதீர்கள். குழாயைத் திறந்து பிடித்தவர் யெர்கர்.

அன்பில் குறையாத,
ஹெல்கவிக் ஆய்வகத்தார்