காற்றுக்கு நிற்கிற எண்ணெய்

நல்ல எண்ணெய்க்கு வாசனை குறைவாகத்தான் இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. மூக்கைத் துளைக்கிற வாசனை வந்தால், விற்கிறவன் எதையோ மூடப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். அஞ்சுகிராமம் கடைத்தெருவில் அப்பா காலத்திலிருந்து நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறோம். இதுகூட எனக்குத் தெரியாமல் இருக்குமா?

ஞானசிங் எப்படிச் செத்தான் என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஏட்டு ஐயா வந்து கூப்பிட்டதும் கடையைப் பூட்டிவிட்டு அவருக்கு முன்னால் நடந்து வந்தவன் நான். ஆனால் குமாரதாஸிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும். இல்லையென்றால் இந்தக் கிருஷ்ணமணி ஏதோ ஈவு இரக்கம் இல்லாதவன் என்று தோன்றிவிடும். மேசையில் என் விரல் தட்டுவதைப் பொருட்படுத்த வேண்டாம். அது கொஞ்ச நாளாக இருக்கிற பழக்கம்.

ஊரில் அந்தப் பையன்களுக்குக் குருவிக்கூடு செட்டு என்று பெயர். நெற்றிக்கு மேலே முடியைச் சுருட்டித் தூக்கி, குருவி வந்து முட்டையிடலாம் என்கிற மாதிரி நிறுத்தி வைப்பார்கள். கொழும்பிலிருந்து வந்த பூப்போட்ட துணியில் புஷ்கோட், தூக்கிவிட்ட காலருக்குள் ஒரு கைக்குட்டை, பையில் சீப்பு. நாலைந்து பேர். அதில் குமாரதாஸ் எனக்குத் தூரத்துத் தம்பி முறை. ஞானசிங் சர்ச் தெருப் பையன், பென்ஜோ வாசிப்பான். சாயங்காலமானால் என் கடைக்கு எதிரே இருக்கிற காப்பிக் கடையில், பாட்டரி ரேடியோவுக்கு முன்னால் கூடிவிடுவார்கள். சிலோன் ரேடியோவில் இந்திப் பாட்டு வரும். ஒருவனுக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு மேசையில் தாளம் தட்டுவார்கள். மறுநாளே ஞானசிங் அதைப் பென்ஜோவில் வாசித்துவிடுவான்.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவர்கள் முடிக்கு வேண்டிய பச்சைக் களிம்பு, வாசனை எண்ணெய், சீப்பு எல்லாவற்றையும் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்து விற்றதே நான்தான். வாரிப் பார்க்கட்டும் என்று கடைத் தூணில் ஒரு கண்ணாடியும் மாட்டினேன். என்ன ஒன்று, அந்தப் பாட்டுகள் என் கைக்குள் புகுந்துகொண்டன. கடுக்காய் நிறுக்கும்போது விரல் தராசில் தாளம் போடும். படுத்தால் கால் பெருவிரல் ஆடும். அதை நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் கும்பிடப் போகிற நிழல்தாங்கலில் ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போவோம். ராஜா காலத்தில் எங்கள் ஆட்கள் தலையில் துணி கட்டினால் அடி விழும். நீங்கள் யாருக்கும் தாழ்ந்தவர்கள் இல்லை, கட்டுங்கள் என்று நாங்கள் சாமியாகக் கும்பிடுகிற அய்யா சொல்லிக் கட்டிய துணி அது. நான் கடையிலும் கட்டியிருப்பேன், வீட்டிலும் கட்டியிருப்பேன். பக்திதான், வேறென்ன. குமாரதாஸ் மட்டும் கட்ட மாட்டான். கட்டினால் குருவிக்கூடு அமுங்கிவிடும். வெளியே வேப்பமரத்தடியில் நின்றபடியே கும்பிட்டுவிட்டு நழுவிவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பணிவிடை பார்க்கிற பெரியவர் பகவதியப்பனிடம் இதை எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவருக்கு எதிலும் கோபம் வராது.

"விடும் பிள்ளே. சின்னப் பயலுவதானே. நாளைக்கு முடி கொட்டினா தன்னாலே தலையிலே கெட்டுவான்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் பூங்கனியின் சிரிப்புத்தான் தூக்கலாகக் கேட்டது. அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அல்ல. குமாரதாஸை நினைத்துச் சிரித்தது. இதை ஏட்டு ஐயா தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

பூங்கனி என் அத்தை மகள். எனக்கு முப்பத்தோரு வயதாகிவிட்டதே என்று அம்மா அவளைப் பெண் கேட்டிருந்தாள். அந்த வாரம் அவள் வசம்பு வாங்கக் கடைக்கு வந்தாள். என் தலையைப் பார்த்து, "அத்தான், ஒறங்கும்போதும் தலைக்கெட்டு உண்டா?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான். நானும் சிரித்தேன். எதிர்க்கடை ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். அதன் பிறகு சம்பந்தப் பேச்சு நின்றுபோனது. அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிறகு ஆடி பிறந்தது. நீங்கள் வெளியூர்க்காரர், எங்கள் ஆடிக் காற்று தெரியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து கூரை ஓட்டைத் தூக்கும், வாழையைச் சாய்க்கும், ஒருவரையும் ஓர் இடத்தில் உட்கார விடாது. குருவிக்கூடு செட்டு ஒரு கையால் சைக்கிளையும் ஒரு கையால் தலையையும் பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டுமே. குமாரதாஸ் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, காத்துக்கு நிக்கிற மாதிரி எண்ணெய் ஏதும் உண்டா?" என்று கேட்டான்.

"உண்டு மக்கா, நாளைக்கு வா" என்றேன்.

முடி கொட்டினால் கட்டுவான் என்று பெரியவர் வாயாலேயே சொல்லியாயிற்று. கொட்ட வைப்பதுதான் பாக்கி. கடையில் சேராங்கொட்டை உண்டு. துணிக்குக் குறி போட வண்ணார்கள் வாங்குவார்கள். அதன் நெய் பட்ட தோல் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் முதலில் தெரு நாய் ஒன்றின் முதுகில் தடவிப் பார்த்தேன். பொறுப்பில்லாமல் ஒரு காரியத்தைச் செய்கிறவன் அல்ல நான். நாய் ஊளையிட்டபடி எங்கோ போய்விட்டது. மல்லிகை வாசனை சேர்த்துக் குப்பியில் ஊற்றி வைத்தேன்.

குமாரதாஸுக்குத் தலை வீங்கிக் கண் மூடிவிட்டது. முடி தலையணையோடு வந்தது. சிலர் கொழும்புக் கைக்குட்டையின் சாயம் என்றார்கள், சிலர் சாபம் என்றார்கள். அவன் அம்மா செல்லத்தாய் என் கடைக்குத்தான் ஓடி வந்தாள். "மணி, எம்பிள்ளைக்க தலை வெந்து கெடக்கு மக்கா, ஏதாவது தா" என்று அழுதாள். தைலம் காய்ச்சிக்கொண்டு நானே தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். மயிலிறகால் தொட்டுத் தடவினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடப்பான். என் கை நடுங்கியதே இல்லை.

இப்போது தழும்புதான். இனி முளைக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், தலைப்பாகை கட்டி எல்லோருக்கும் முந்தி உள்ளே நிற்கிறான். கட்டாமல் வாசல்படிக்குக்கூட வருவதில்லை. முதல் நாள் அவனைப் பார்த்ததும் பகவதியப்பன் அழுதுவிட்டார். பையனுடைய பக்தியைக் கண்ட சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

சரி, ஞானசிங் சர்ச்சுக்குப் போகிறவன், அவன் எதற்குத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவன் கட்ட வேண்டியதே இல்லை.

ஆவணியிலும் காற்று ஓயவில்லை. ஒரு மத்தியானம் தெருவில் ஆள் இல்லாத நேரத்தில் ஞானசிங் வந்தான். குமாரதாஸ் யாரையும் பார்க்காமல் மூலையில் கிடக்கிறானாம். "அண்ணாச்சி, அவனுக்கு முடி முளைக்க ஏதும் எண்ணெய் உண்டா? கடல் தாண்டியும் வரவழைச்சுக் குடுக்கலாம்" என்றான். மேல்தட்டிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று கடையின் வெளிப் பலகையில் ஏறினேன். அப்போது ஒரு காற்று அடித்தது. என் தலைப்பாகை கழன்று தெருவில் உருண்டு ஓடியது.

ஞானசிங் பின்னாலேயே ஓடிப் பிடித்தான். மண்ணைத் தட்டினான். கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினான். என் தலையைப் பார்த்தான், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"யாரும் பாக்கல்ல அண்ணாச்சி" என்றான், மெதுவாக.

அவன் சிரிக்கவில்லை ஐயா. சிரித்திருந்தால் விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நான் துணியைக் கட்டி முடிக்கிற வரைக்கும் அவன் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றான். முன்நெற்றியில் அந்தக் கூடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நல்ல முடி. குமாரதாஸுடையதைவிட நல்ல முடி. பிறகு, "இருக்கட்டும் அண்ணாச்சி, எண்ணெய் வேண்டாம்" என்றான். முடி முளைக்கிற எண்ணெய் என்று ஒன்று இருந்தால் நான் எனக்கே தேய்த்திருக்க மாட்டேனா என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அதையும் எனக்குத் தெரியாத மாதிரி சொல்லப் பார்த்தான். அவ்வளவு நல்ல பையன்.

"நில்லு மக்கா" என்றேன். "ஒனக்குக் காத்துக்கு நிக்கிறது ஒண்ணு இருக்கு."

பழைய குப்பியில் மிச்சம் இருந்தது. உள்ளே போய் அதில் கொட்டை நெய்யை இன்னும் சேர்த்தேன். வாசனையையும் கூட்டினேன். அவன் மோந்து பார்த்து, நல்ல மணம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனான். என்னிடமிருந்து வந்த எதையும் அவன் சந்தேகப்படவில்லை.

தலை பழுத்து, காய்ச்சல் கண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். பெட்டியில் அவன் தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். அந்த வீட்டில் யாருக்கும் கட்டிப் பழக்கமில்லை, அதனால் ஒரு பக்கம் தளர்ந்து இருந்தது. சரிசெய்துவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அவன் அம்மா ஜெயபாய் பக்கத்தில் இருந்ததால் விட்டுவிட்டேன். பென்ஜோவைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அவன் போனால் பாட்டு என் விரலை விட்டுப் போகும் என்று நினைத்திருந்தேன். பாருங்கள், இன்னும் போகவில்லை.

இவ்வளவுதான். குமாரதாஸ் தலையை வேக வைத்தது நான். ஞானசிங்கைக் கொன்றது நான். எங்கே சொன்னாலும் இதையே சொல்வேன். எல்லாம் அந்தத் துணியின் மரியாதைக்காகச் செய்தது.

லாக்கப்பில் போடுவதற்கு முன்னால் தலைப்பாகையை அவிழ்க்க வேண்டும் என்று ஏட்டு ஐயா சொல்கிறார். கழுத்தில் சுருக்கு மாட்டிக்கொள்வேன் என்று பயப்படுகிறார். வேட்டியை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டையையும் தருகிறேன். வாசலில் இத்தனை பேர் நிற்கிறார்கள், பூங்கனியும் வந்திருக்கிறாள் போல. இதை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்குள் ஒன்றும் இல்லை, ஐயா.