விரலுக்கு எட்டிய விசை

உன் வேலையில் ஒரு குறையும் இல்லை, நியாஸ். முதலில் டீயைக் குடி, ஆடை படிகிறது.

லான்மடா கடைத்தெருவில் கத்திக்கும் குடைக்கும் பிடி போடுகிறவன் நீ. என் கைத்துப்பாக்கியின் பிடியை நீ இழைத்ததால்தான் பர்கத்துல்லா செத்தார் என்று சோறு இறங்காமல் கிடக்கிறாயாம். அடுத்தவன் காரியத்தில் இப்படிப் பங்கு கேட்பது நல்ல பழக்கமில்லை.

இந்தக் காலத்து ரங்கூனில் துப்பாக்கிக்கு அனுமதி கிடைக்க வேண்டியவர்களுக்குக் கிடைக்கிறது. எனக்கும் கிடைத்தது. வீட்டுக்காரி ஜைனப்பிடம் கொடுத்துப் பார்த்தேன். அவள் கை சின்னது. பிடியைச் சுற்றிப் பிடித்தால் விரல் விசையை எட்டவில்லை. "இது ஆம்பளைங்க சாமான், எனக்கெதுக்குங்க" என்று திருப்பித் தந்துவிட்டாள். அப்போதுதான் உன் நினைவு வந்தது.

எவ்வளவு பதமாகச் செய்தாய்! அவளைக் களிமண்ணில் கை பதிக்கச் சொல்லி, இரு பக்கக் கட்டையையும் அதற்கேற்ப மெலிதாக்கி, "ராத்தா, இப்ப எட்டுதா?" என்று கேட்டுக் கேட்டு இழைத்தாய். பெண்டாட்டிக்கு வளையல் வாங்குகிறவர்கள் ஆயிரம் பேர். துப்பாக்கியை அளவெடுத்துக் கொடுத்தவன் நான் ஒருவன்தான் என்று ஜமாஅத்தே மெச்சியது.

பர்கத்துல்லா மேல் எனக்குக் கசப்பில்லை. நம் சங்கத்துக்கு அவர் தலைவர், நான் துணைத் தலைவர். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் தங்க எழுத்தில் வரும். என் பெயர் அடியில், அச்சக முகவரிக்குச் சற்று மேலே. மாவ்பி ஊர் மதரஸாவுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தது நான். சுவிட்சைப் போட்டுச் சால்வை வாங்கிக்கொண்டது அவர். மௌத்தாகி மண்ணுக்குப் போனால்தான் நாற்காலியை விடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சொன்னதில்லை.

ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து அவரைப் பிரியாணிக்கு அழைத்தேன். சாப்பிட்டுச் சாய்ந்தவர், "எங்கே மச்சான், தங்கச்சியோட பொம்மைத் துப்பாக்கி? லத்தா பேட்டை வரைக்கும் அதே பேச்சா இருக்கு" என்றார்.

"எடுத்துட்டு வா ஜைனப். காலிதான்" என்றேன்.

கொண்டு வந்தாள். அவர் சால்வையைச் சரிசெய்து நெஞ்சை நிமிர்த்தினார். படம் எடுக்கக் கூப்பிட்டாலும் அப்படித்தான் உட்காருவார்.

"சுடும்மா! தலைவரையே சுட்டவள்னு உனக்கொரு பேராவது கிடைக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். "ஆசைப்படறாருல்ல, சும்மா அழுத்திக் காட்டு" என்றேன்.

விரல் எட்டியது, நியாஸ். அன்று காலை குண்டு போட்டு வைத்தது நான்.

குண்டு இருக்கிறது, தொடாதே என்று எச்சரித்ததாகக் கோர்ட்டில் சொன்னேன். முதலில் ஜைனப் திகைத்தாள். இப்போது சிறையில் பார்க்கப் போனால், "நீங்க சொல்லித்தான் இருப்பீங்க, என் காதுலதான் விழல" என்று கம்பியில் முட்டிக்கொண்டு அழுகிறாள். அவ்வளவு நல்ல பெண்.

பிடியை இழைத்ததில் விசை தளர்ந்து தானாக வெடித்துவிட்டது, தப்பு என்னுடையது என்று நீ போய்ச் சொன்னால் ராத்தாவை விட்டுவிடுவார்கள் என்கிறாய். போ. அனுமதி இல்லாமல் ஆயுதத்தில் கை வைத்தவனுக்கு என்ன கிடைக்கும் என்று உன் பிள்ளைகளிடம் முதலில் சொல்லிவிட்டுப் போ. நான் இப்போது சொன்னதையும் சேர்த்துச் சொல். சங்கத் தலைவருக்கு எதிராகக் குடைக்காரன் பேச்சு எடுபடுமா, பார்க்கலாம்.

ஆமாம், தலைவர். நான் கேட்கவில்லை. இந்தத் துக்கத்திலும் சமுதாயத்தைக் கைவிடாதீங்க காக்கா என்று வீடு தேடி வந்து அழுதார்கள். என்ன செய்வது, ஏற்றுக்கொண்டேன்.

ஜைனப்பைப் பற்றி நீ கவலைப்படாதே. வாராவாரம் சோறு கட்டிக்கொண்டு போகிறேன். இதுவரை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. வேறொருவனாக இருந்தால் தலாக் சொல்லியிருப்பான். நான் அவளை மன்னித்துவிட்டேன்.